இரண்டு கூண்டுகள்

பவதாரணி ஏழாவது ஸ்லைடைத் திரையில் போட்டபோது பேராசிரியர் தெய்வசிகாமணிக்கு அடிவயிற்றின் இடப்பக்கத்தில் அந்தப் பழைய முறுக்கல் தொடங்கியது. ஈரத்துணியை யாரோ பிழிகிற மாதிரி, அவசரமில்லாமல், நாள் முழுக்க நேரம் இருக்கிறவன் பிழிகிற மாதிரி. இப்போது எழுந்து போக முடியாது. முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வில் மாணவி மேடையில் நின்று பேசும்போது அவளுடைய கைடு முன்வரிசையிலிருந்து எழுந்து அத்தனை பேர் பார்க்கக் கழிப்பறைக்கு ஓடுவதா? நாற்காலியிலிருந்து கதவு வரை பதினெட்டு எட்டு வைக்க வேண்டும், கதவிலிருந்து தாழ்வாரத்துக் கோடி வரை முப்பத்தொன்று. காலையிலேயே நடந்து பார்த்தாகிவிட்டது. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் இதைப் பார்த்து வைத்துக்கொள்வது ஒன்பது வருடப் பழக்கம். கோயிலுக்குப் போனாலும் அப்படித்தான், சாமி எந்தப் பக்கம் என்பது அப்புறம். அவர் முதுகை நிமிர்த்தி, காலை இறுக்கி, ஆழ்ந்து கேட்கிற முகத்தை வைத்துக்கொண்டார். அந்த முகம் நன்றாகப் பழகிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் எத்தனை உளறல்களை அதைக் கொண்டு கேட்டிருக்கிறார். பின்னால் உட்கார்ந்திருக்கும் நாற்பது பேரில் முப்பது பேர் முதலாண்டுப் பிள்ளைகள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து உண்டு என்று மிரட்டிக் கூட்டிவரப்பட்டவர்கள். மீதிப் பத்துப் பேர் ஆசிரியர்கள், அவர்களுக்கு மூலையில் அட்டைப்பெட்டியில் ஆறிக்கொண்டிருக்கும் சமோசா போதும். மேடைக்குப் பின்னால் ஃபிளெக்ஸ் பேனரில் அவருடைய படத்தையே பவதாரணியின் படத்தைவிடப் பெரிதாகப் போட்டிருக்கிறார்கள். யார் போடச் சொன்னது? போட வேண்டாம் என்று அவரும் சொல்லவில்லையே.

பக்கத்து நாற்காலியில் வெளித்தேர்வாளர் துரைசிங். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், கோழி நோய்களில் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு இதே வேலையாக ஊர் ஊராகப் போய் வாய்மொழித் தேர்வு நடத்திப் பொன்னாடை வாங்கிக்கொண்டு வருகிறார். பொன்னாடைக்கென்றே தனி பீரோ வைத்திருப்பாராயிருக்கும். காலையில் ரயிலடியிலிருந்து காரில் அழைத்து வரும்போது தீசிஸைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "இங்கன இட்லி நல்லாருக்குமாமே, எந்தக் கடை?" என்று கேட்டார். ஏழு இட்லி சாப்பிட்டார். இப்போது கண்ணை மூடி, கைகளை வயிற்றின் மேல் கோத்துக்கொண்டு, அந்த ஏழு இட்லியையும் காவல் காக்கிறவரைப் போல உட்கார்ந்திருக்கிறார். எப்படிப்பட்ட வயிறு அது! உள்ளே போட்டதையெல்லாம் கேள்வி கேட்காமல் வாங்கிக்கொண்டு வேலையைப் பார்க்கிற வயிறு. தெய்வசிகாமணிக்கு அந்த மனிதர் மேல் வந்த வெறுப்பில் பாதி பொறாமை என்பது அவருக்கே தெரிந்தது, தெரிந்தும் வெறுப்பு குறையவில்லை. இவர் எதையும் கேட்கப்போவதில்லை. தேர்வு அறிக்கையை நேற்றே தட்டச்சு செய்து, கையெழுத்துப் போடுகிற இடத்தில் பென்சிலால் குறி வைத்தாகிவிட்டது. 'ஆய்வாளர் எல்லாக் கேள்விகளுக்கும் திருப்திகரமாகப் பதிலளித்தார்.' கேள்விகளே வருவதற்கு முன்னால் பதில்கள் திருப்திகரமாகிவிட்டன. நம் நாட்டில் அறிவு இப்படித்தான் உற்பத்தியாகிறது என்று நினைத்தபோது, அந்த வாசகத்தைத் தட்டச்சுக்குக் கொடுத்தது யார் என்று உள்ளேயிருந்து இன்னொன்று கேட்டது.

"பால்ல கொழுப்பு, புரதம், சர்க்கரை இருக்கறது எல்லாருக்கும் தெரியும்" என்று பவதாரணி சொல்லிக்கொண்டிருந்தாள். முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் புரியட்டும் என்று தமிழிலேயே சொன்னாள். "அது போக, மாட்டோட மடியில இருக்கற செல்கள் ரொம்பச் சின்னச் சின்னப் பைகளை உதிர்த்துவிடும். தலைமுடியோட பருமன்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் இருக்கும் அந்த நுண்பை. ஆனா அதுக்குள்ள தாய் குட்டிக்குச் சொல்ற சேதி மாதிரி சின்னச் சின்ன மூலக்கூறுகள் இருக்கு. வயித்து அமிலத்துல கரையாம இதுல கொஞ்சம் குடல் வரைக்கும் போகுதுன்னு சொல்றாங்க. போனா, அங்க இருக்கற பாக்டீரியாக்கள் மாறுதா? குடல் அழற்சி நோய் இருக்கறவங்களுக்கு நல்ல பாக்டீரியா குறைஞ்சு போயிருக்கும். அது திரும்ப வருமா? இதுதான் என்னோட கேள்விங்க." நல்ல கேள்வி. நன்றாகத்தான் பேசுகிறாள். காங்கேயத்துப் பக்கம் ஒரு பஸ் கண்டக்டர் மகள், எதையும் சுற்றி வளைக்காமல் பேசத் தெரிந்தவள். ஆனால் கேள்வி அவளுடையதல்ல, அவருடையது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் முதல்முறை ரத்தத்தைப் பார்த்து மூலம் என்று நினைத்து, வெட்கப்பட்டு, நான்கு மாதம் யாரிடமும் சொல்லாமலிருந்து, கடைசியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் திரையில் காட்டிய அந்தச் சிவந்த, உரிந்த, கல்லில் தேய்த்தது மாதிரியான குடல் கேட்ட கேள்வி. பெருங்குடல் அழற்சி என்றார் டாக்டர், ஏதோ அவருக்கு வீட்டுமனை ஒதுக்கீடானதைச் சொல்கிற குரலில். தீராது, அடங்கும், திரும்ப வரும், மாத்திரையை விடாதீர்கள், பாலைக் குறைத்துப் பாருங்கள். வீட்டில் அன்றிலிருந்து பாலே நின்றது. பிறகு ஊரே வைத்தியரானது. மணத்தக்காளிக் கீரை, வெந்தயம், வில்வம், மாதுளந்தோல். மைத்துனன் ஒருவன் காலையில் வெறும் வயிற்றில் பழைய சோற்றுத் தண்ணீர் என்றான், அவனே சர்க்கரை நோய்க்கு இரண்டு வேளை ஊசி போட்டுக்கொள்கிறவன். ஒவ்வொருவர் வாயையும் பார்த்துக்கொண்டு தலையாட்டியபோதெல்லாம் அவருக்கு ஒரே நினைப்புதான் இருந்தது. மடையர்களே, நான் விஞ்ஞானி.

விஞ்ஞானி என்ன செய்தார்? பாலைக் கொழுப்பு நீக்கி, புரதத்தை நீக்கி, புவியீர்ப்பைப்போல ஒரு லட்சம் மடங்கு விசையில் சுற்றுகிற இயந்திரத்தில் போட்டுச் சுழற்றினால், குழாயின் அடியில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மங்கல் தங்கும். எச்சில் காய்ந்த தடம் மாதிரி. அதுதான் நுண்பைகள். சோதனை எலிகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சியதை, அறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு, தண்ணீரில் கலந்து குடித்தார். ஐம்பத்து மூன்று வயதில், கால்நடை நுண்ணுயிரியல் துறைப் பேராசிரியர். மனைவிக்குத் தெரியாது, டாக்டருக்குத் தெரியாது. பவதாரணி மட்டும் கணக்கில் குழாய்கள் குறைவதைப் பார்த்தும் ஒன்றும் கேட்காமல் இருந்தாள். அந்த மௌனத்தை அப்போது மரியாதை என்று எடுத்துக்கொண்டார். பதினோரு மாதம் வயிறு அமைதியாக இருந்தது. பதினோரு மாதம்! திருமணங்களுக்குப் போனார், ரயிலில் ஜன்னலோரம் கேட்டு உட்கார்ந்தார், பந்தியில் இரண்டாம் முறை ரசம் வாங்கினார். பிறகு மாத்திரையை விட்டார். யாரைக் கேட்டு விட்டார்? எலிச் சோதனையின் முடிவுகள் வருகிற, தன் ஆய்வின் நான்காம் அத்தியாயத்தைக் கேட்டு. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில் மறுபடியும் ரத்தம். கொஞ்சம்தான். இன்று கொஞ்சமில்லை. முதல் நாள் வெள்ளைப் பீங்கானில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவருக்கு உயிர்பயம் முதலில் வரவில்லை. முதலில் நினைவுக்கு வந்தது கூண்டு.

கூண்டு, கூண்டு. அதைத்தான் மூன்று வாரமாக மனம் சுற்றிச் சுற்றி வருகிறது, நாக்கு உடைந்த பல்லைத் தேடிப் போவதுபோல. பன்னிரண்டு எலிகள். எல்லாவற்றுக்கும் குடலைப் புண்ணாக்குகிற உப்பைத் தண்ணீரில் கலந்து கொடுத்தார்கள். ஆறுக்கு நுண்பை, ஆறுக்கு வெறும் தண்ணீர். நுண்பை குடித்த ஆறும் ஒரு கூண்டில், குடிக்காத ஆறும் இன்னொரு கூண்டில். ஸ்லைடில் இப்போது வருகிறதே, வண்ண வண்ணக் கம்பங்கள், எலிக்கு ஒன்றாக, அதன் குடல் பாக்டீரியாக்களின் கணக்கு. இடப்பக்கம் ஆறு கம்பமும் ஒரே நிறக்கலவை, வலப்பக்கம் ஆறும் வேறு கலவை, எவ்வளவு ஒழுங்கு, எவ்வளவு அழகு! முதலில் அதைப் பார்த்தபோது அவருக்குக் கண்ணில் நீரே வந்தது. நல்ல பாக்டீரியா ஆறு எலிகளிலும் திரும்பி வந்திருக்கிறது, ஒன்றுகூடத் தப்பவில்லை. தப்பாதுதான். எலி எலியின் புழுக்கையைத் தின்னும். இது எலி வளர்க்கிற எவனுக்கும் தெரியும். ஒரு கூண்டில் ஆறு எலியைப் போட்டால் பத்து நாளில் ஆறின் குடலும் ஒரே குடலாகிவிடும். ஒன்றில் தற்செயலாக நல்ல பாக்டீரியா இருந்தால் ஆறிலும் இருக்கும், அதற்குப் பாலும் வேண்டாம், பையும் வேண்டாம். ஆக, அவர் பார்த்து அழுதது பன்னிரண்டு எலிகளை அல்ல. இரண்டு எலிகளை. ஒன்று நன்றாக இருந்தது, ஒன்று நன்றாக இல்லை. இதற்கு நூற்றெண்பது பக்கம், தோல் அட்டை, தங்க எழுத்து. தீசிஸில் கூண்டைப் பற்றி ஒரே வரிதான், அவரே திருத்திக் கொடுத்த வரி: 'விலங்குகள் முறையான சூழலில் பராமரிக்கப்பட்டன.' எத்தனை பேர் இந்த வரிக்கு அடியில் படுத்துத் தூங்குகிறார்கள்!

தெரியாமல் நடந்திருந்தால்கூட மன்னித்துக்கொள்ளலாம். சோதனை தொடங்கியபோதே பவதாரணி வந்து நின்றாள். "சார், எலிகளைத் தனித்தனியாப் போட்டுடலாங்களா? ஒண்ணாப் போட்டா புழுக்கை தின்னு எல்லாம் கலந்துரும்னு படிச்சேனுங்க. நம்மகிட்ட கூண்டு பத்தாது. கமலக்கண்ணன் சார் லேப்ல சும்மா கெடக்குது. கேட்டா தருவாருங்க." கமலக்கண்ணன், அவரைவிட நான்கு வருடம் இளையவன், துறைத்தலைவர். எந்த விழாவிலும் முதலில் எழுந்து பேசுகிறவன், அதிகாரி வீட்டுக் கல்யாணத்தில் பந்தி விசாரிக்கிறவன், ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரைகூட இல்லாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன். அவனிடம் போய்க் கூண்டு கேட்டு நிற்பதா? அவன் அந்தச் சிரிப்பைச் சிரித்து, 'அட, நம்ம தெய்வசிகாமணி சாருக்கு இல்லாததா' என்பான். "அந்த ஆள்கிட்டப் போயி நிக்கறதுக்கு நான் கடைய மூடிட்டுப் போயிருவேன். எலிக்கு நீ என்ன வக்கீலா? இருக்கறதுல போடு" என்றார் அவளிடம். அவள் போட்டாள். இரண்டு பேரும் அதற்குப் பிறகு அதைப் பேசவில்லை. எதையோ நிரூபிக்கப் போகிற அவசரத்தில் செய்த தவறல்ல இது. ஒரு மனிதனின் சிரிப்பைப் பார்க்க வேண்டாம் என்பதற்காகச் செய்தது. உலகத்தில் வேறு எந்தத் தொழிலிலாவது ஒருவன் இவ்வளவு அற்பமான காரணத்துக்காக இவ்வளவு பெரிய புத்தகம் எழுதியிருப்பானா?

கைதட்டல். முடித்துவிட்டாள். முறுக்கல் ஒரு சுற்று சுற்றி, கொஞ்சம் விட்டு, மறுபடி கூடியது. நெற்றியில் வியர்வை. இன்னும் கால் மணி நேரம். இது கேள்வி நேரம், அதாவது நாடகத்தின் சிரிப்புக் காட்சி. முன்கூட்டியே கேள்விகளை எழுதிக் கொடுத்துப் பிள்ளைகளைக் கேட்கச் சொல்வது இந்தக் கல்லூரி வழக்கம். ஒரு பையன் எழுந்து துண்டுச்சீட்டைப் பார்த்து, பசும்பாலா எருமைப்பாலா என்று கேட்டான். ஒரு பெண் காய்ச்சினால் நுண்பை அழியுமா என்றாள். பவதாரணி இரண்டுக்கும் பதில் சொன்னாள். கமலக்கண்ணன் எழுந்து, கேள்வி என்ற பெயரில் ஐந்து நிமிடம் வாழ்த்துரை வழங்கி, "நம்ம கல்லூரிக்கே பெருமை, பவதாரணி ஐதராபாத்துல தடுப்பூசிக் கம்பெனியில வர்ற ஒண்ணாந்தேதி சேரப்போறாங்க, இன்னைக்கு இந்த வைவா முடிஞ்ச கையோட சர்ட்டிபிகேட்" என்று சொல்லிக் கைதட்ட வைத்தான். அவள் சிரித்தாள். சான்றிதழ் இல்லாவிட்டால் அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விடும், போன வாரம் அவளே சொன்னது. ஆகவே எல்லாம் நல்லபடியாக முடியட்டும். வாயை மூடிக்கொண்டிருப்பது சில நேரம் கருணை என்று சொல்லிக்கொண்டார். அந்தக் கருணையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் அவருடைய பெயர் எழுதியிருப்பதும் தெரிந்தது. இந்தத் தீசிஸிலிருந்து அவர் பெயரோடு வெளியாகப் போகிற கட்டுரை, வயிற்றுப் புண்ணோடு அதைப் படித்துவிட்டு மாத்திரையை விடப்போகிற யாரோ ஒரு மடையன். தன்னைப்போல ஒரு மடையன்.

"ஏம்மா," என்றார் துரைசிங். கண்ணைத் திறக்கவில்லை. "எத்தன கூண்டு?"

மண்டபம் அந்தக் கேள்வியைச் சரியாகக் கேட்கவில்லை. தெய்வசிகாமணிக்குக் கேட்டது. குடல் ஒரு கணம் நின்று கவனித்தது. "சார்?" என்றாள் பவதாரணி. துரைசிங் இப்போது கண்ணைத் திறந்தார். சின்ன, தெளிவான, தூக்கமே இல்லாத கண்கள். "எலி பன்னெண்டு, அது பொஸ்தகத்துல இருக்கு. நூத்தியெம்பது பக்கமும் படிச்சிட்டேன், கூண்டு எத்தனன்னு மட்டும் எங்கயும் இல்ல. நான் முப்பது வருசம் கோழிக் கூண்டோட கெடந்தவன்மா, அதான் கேக்கேன்." பவதாரணி திரையை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு, "ரெண்டுங்க சார்" என்றாள். "ரெண்டா" என்றார் துரைசிங், வருத்தமாக, தெரிந்தவர் வீட்டுச் சாவைக் கேட்ட மாதிரி. அதோடு நிறுத்திக்கொண்டு தெய்வசிகாமணியின் பக்கம் திரும்பிப் பார்த்தார். வழக்கப்படி அடுத்தது கைடு பேச வேண்டிய இடம். 'இதை வரும் ஆய்வுகளில் கருத்தில் கொள்வோம் சார்' என்ற ஒரு வாசகம் போதும், துரைசிங் தலையாட்டிவிடுவார், அதற்கான இடைவெளியைத்தான் மரியாதையாகத் திறந்து வைத்திருக்கிறார். எழுந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினாலும் நடக்கும், உண்மையிலேயே ஓட வேண்டியும் இருக்கிறது. நோயாளியை யார் குறை சொல்வார்கள்? பவதாரணி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சலா, எச்சரிக்கையா? இரண்டும்தான். வாசகம் நாக்கு வரை வந்தது. அதே நேரம் காலையில் பார்த்த சிவப்பும் வந்தது. அவர் எழுந்து நின்றார். "அவ தனித்தனிக் கூண்டு கேட்டா சார். நான்தான் வேண்டாம்னேன்" என்றார். குரல் தன்னுடையது மாதிரி இல்லை. "நாலாம் அத்தியாயம் பால் செஞ்சதா கூண்டு செஞ்சதான்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது." பிறகு உட்காரவில்லை. பதினெட்டு எட்டு, முப்பத்தொன்று எட்டு, ஓடாமல் நடந்தே போய்ச் சேர்ந்தார்.

கதவுக்குப் பின்னால் நெடுநேரம் உட்கார்ந்திருந்தபோது தன்மேல் கொஞ்சம் மதிப்பு வரத் தொடங்கியது. அதை அவர் உடனே சந்தேகித்தார், ஆனாலும் வந்தது. சொல்லிவிட்டேன். நாற்பது பேர் முன்னால் சொன்னேன். இந்தக் கல்லூரியில் எவன் சொல்வான்? முகத்தைக் கழுவிக்கொண்டு திரும்பியபோது மண்டபத்தில் பிள்ளைகள் இல்லை. துரைசிங் தட்டச்சு செய்த அறிக்கையைக் குறுக்கே அடித்துவிட்டு, தனித்தனிக் கூண்டில் சோதனையை மறுபடி செய்து ஆறு மாதம் கழித்துத் தேர்வுக்கு வரும்படி கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். "நல்ல புள்ள. பொய் சொல்லல" என்றார், தெய்வசிகாமணியைப் பார்க்காமல். பிறகு துரைசிங்கைக் கூட்டிப்போக யாரோ வந்தார்கள். பவதாரணி மேடையில் லேப்டாப் ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தாள். தெய்வசிகாமணி அவள் பக்கத்தில் போய் நின்றார். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டார், எதிர்பார்த்துத்தான் நின்றார்.

"இதச் சொல்றதுக்கு ரெண்டு வருசம் இருந்துச்சுங்க சார்" என்றாள். அழவில்லை. "நேத்து சொல்லியிருக்கலாம். போன மாசம் சொல்லியிருக்கலாம், நான் கம்பெனிக்காரங்ககிட்ட தேதியே சொல்லியிருக்க மாட்டேன். இன்னைக்கு, அவரு கேட்டதுக்கப்புறம் சொல்லி, நீங்க நல்லவராயிட்டீங்க. நான் ஒண்ணாந்தேதி என்ன பண்றது?"

"அவங்களுக்கு நான் கடிதம் எழுதறேன்" என்றார்.

"எழுதுங்க. மாத்திரையத் திரும்பப் போடுங்க மொதல்ல. மூஞ்சி வெளுத்துக் கெடக்குது." அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. அவர் வாழ்நாளெல்லாம் பிறர்மேல் வீசிய பார்வை அவள் கண்ணில் இருந்தது, அதைவிடக் கொஞ்சம் களைப்பாக. "நாளைக்கே தொடங்கினாத்தான் ஆறு மாசத்துல முடியும். பன்னெண்டு கூண்டு வேணும். நான் போய்க் கேக்க மாட்டேன் சார்."

கமலக்கண்ணன் மூலையில் மீந்த சமோசாக்களை எண்ணாமல் ஒரு பையில் போட்டு வாட்ச்மேனுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். தெய்வசிகாமணி மண்டபத்தைக் குறுக்காகக் கடந்து போனார். கழிப்பறைக்கான தூரம் தெரியும், இது எத்தனை எட்டு என்று எண்ணி வைத்திருக்கவில்லை. "கமலக்கண்ணன், கொஞ்சம் கூண்டு வேணும். பன்னெண்டு." சொல்லிவிட்டு அந்தச் சிரிப்புக்காகக் காத்திருந்தார். வரட்டும், நியாயம்தான். வந்தால் அதைப் பிடித்துக்கொண்டு இன்னும் பத்து வருடம் இவனை வெறுக்கலாம்.

"பன்னெண்டு போதுங்களா சார்?" என்றான் கமலக்கண்ணன், கையைத் துடைத்துக்கொண்டே சாவியைத் தேடினான். "முப்பது கெடக்குது. மூணு வருசமா யாரும் தொடல. கழுவித்தான் எடுக்கணும். வாங்க, இப்பவே தெறந்து விடறேன்."

தெய்வசிகாமணி அந்த முகத்தில் ஏளனத்தைத் தேடினார். வாயோரத்தில், கண்ணில், குரலின் அடியில், ஒவ்வொரு இடமாகத் தேடினார். சாவி கிடைத்து அவன் முன்னால் நடக்கத் தொடங்கிய பிறகும், பின்னாலேயே போய்க்கொண்டு, தேடுவதை அவரால் நிறுத்த முடியவில்லை.